ஃபோர்ஜ்ட் அலையன்ஸ்: முதல் டாங்கியிலிருந்தே போர்

சுப்ரீம் கமாண்டர் என்ற கணினிப் போர் ஆட்டத்துக்கு எக்ஸ்பேன்ஷனாக (கூடுதல் பாகமாக) வந்த ஃபோர்ஜ்ட் அலையன்ஸை இத்தனை வருடம் கழித்து யாராவது புதிதாக வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்பேன். அசல் ஆட்டம் 2007 பிப்ரவரியில் வந்தது, இது அதே வருடம் நவம்பரில். இடையில் ஒன்பது மாதம்தான். புது யூனிட் கொஞ்சம், புது மிஷன் கொஞ்சம் சேர்த்து விற்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டத்தைச் செய்த கேஸ் பவர்ட் கேம்ஸ் குழு அதோடு நிற்கவில்லை. ஆட்டத்தின் கணக்கையே பிரித்துப் போட்டு மறுபடி கட்டியிருக்கிறது, அதனால்தான் இன்றைக்கும் சுப்ரீம் கமாண்டர் ஆடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் ஆடுகிறார்.

இது தனியாகவே ஓடும், அசல் ஆட்டம் தேவையில்லை. (வெளியான காலத்தில் அசல் இல்லாதவர்கள் மல்டிபிளேயரில் புது இனமான செராஃபிமை மட்டும்தான் எடுக்க முடியும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது.)

முதலில் இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக. உங்களிடம் ஏசியு என்ற ஒரு பிரம்மாண்ட ரோபோ இருக்கும், அதுதான் கமாண்டர், அதுதான் நீங்கள். அது ஒரு கிரகத்தில் வந்து இறங்கி, ஒன்றுமில்லாத தரையில் தொழிற்சாலை கட்டி, படை திரட்டி, எதிராளியின் கமாண்டரைக் கொல்ல வேண்டும். கமாண்டர் செத்தால் அணுகுண்டு போல வெடிக்கும், பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து போகும். 1997இல் டோட்டல் அனைஹிலேஷன் செய்த கிறிஸ் டெய்லரின் ஆட்டம் இது என்பதால், அதை ஆடியவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதாகவே இருக்கும். வளம் இரண்டுதான்: மாஸ், எனர்ஜி. மற்ற பல ஆர்டிஎஸ் (நிகழ்நேர வியூக) ஆட்டங்களில் காசு சேர்ந்ததும் மொத்தமாகக் கொடுத்து யூனிட் வாங்குவீர்கள். இங்கே எல்லாம் ஓட்டம்தான், குழாயில் தண்ணீர் வருகிற வேகமும் தொட்டியிலிருந்து போகிற வேகமும் போல.

எண்ணாகவே சொல்கிறேன், அப்போதுதான் புரியும். கட்டடமும் யூனிட்டும் மூன்று நிலைகளில் வரும். முதல் நிலைத் தரைப்படைத் தொழிற்சாலைக்கு 240 மாஸ், 2,100 எனர்ஜி. கமாண்டர் தனியாகக் கட்டினால் 30 விநாடி பிடிக்கும். அதாவது ஒவ்வொரு விநாடியும் 8 மாஸும் 70 எனர்ஜியும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்கள் வரவு என்ன? தரையிலிருந்து மாஸ் எடுக்கிற கட்டடமான எக்ஸ்ட்ராக்டர், முதல் நிலையில் ஒன்று விநாடிக்கு 2 தரும், நாலு வைத்திருந்தால் 8, கமாண்டரிடமிருந்தே 1, ஆக 9. இந்த ஒரு கட்டடமே ஏறக்குறைய மொத்த வரவையும் தின்றுவிடுகிறது. சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு எஞ்சினியர்களை (கட்டுமான யூனிட்களை) உதவிக்கு விட்டால் நேரம் 15 விநாடியாகக் குறையும், ஆனால் விநாடிக்கு 16 மாஸ் போகும். இருப்பு தீர்ந்ததும் அந்தக் கட்டடம் மட்டுமல்ல, நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிற எல்லாமே மெதுவாகிவிடும். எனர்ஜி தீர்ந்தால் இன்னும் மோசம். எக்ஸ்ட்ராக்டர்களும் எனர்ஜியில்தான் ஓடுகின்றன என்பதால் மாஸ் வரவும் விழும், ஷீல்டுகள் இறங்கிவிடும், ரேடார் குருடாகும். எதிராளியின் பவர் ஜெனரேட்டர்களைக் குறிவைத்து நாலு பாம்பர்களை அனுப்புவது இந்த ஆட்டத்தில் ஏன் அவ்வளவு வலிக்கிற அடி என்பது இதில்தான் இருக்கிறது.

இந்த ஓட்டக் கணக்கு அசல் ஆட்டத்திலும் இருந்ததுதான். அங்கே பிரச்சினை என்னவென்றால், சின்ன யூனிட்களுக்கு மதிப்பே இல்லை. பாதுகாப்பாக ஒரு மூலையில் உட்கார்ந்து, மாஸ் ஃபேப்ரிகேட்டர்களை வரிசையாக அடுக்கி எனர்ஜியை மாஸாக மாற்றிக்கொண்டே, மூன்றாம் நிலைக்கும், அதற்கும் மேலான எக்ஸ்பெரிமெண்டல் என்ற ராட்சத யூனிட்களுக்கும் தாவிவிடலாம். முதல் அரை மணி நேரம் இரண்டு பேரும் தங்கள் தங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் பெரிய பெரிய ராட்சத யூனிட்கள் மோதும், முடிந்தது. ஃபோர்ஜ்ட் அலையன்ஸ் இந்தப் பழக்கத்தை உடைத்துவிட்டது. ஃபேப்ரிகேட்டரை நம்பி வாழ முடியாதபடி அதைச் செலவாளியாக்கி, நிலத்தில் எக்ஸ்ட்ராக்டர் வைக்கக்கூடிய மாஸ் புள்ளிகளைத்தான் எல்லாரும் தேடிப் போகும்படி செய்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கின் அழகைப் பாருங்கள். ஒரு புதிய மாஸ் புள்ளியில் முதல் நிலை எக்ஸ்ட்ராக்டர் வைக்க 36 மாஸ்தான். விநாடிக்கு 2 வருவதால் 18 விநாடியில் போட்ட மாஸ் திரும்பிவிடும். அதையே இரண்டாம் நிலைக்கு உயர்த்த 900 மாஸ். வரவு 2லிருந்து 6 ஆகும், கூடுதல் 4தான், ஆக போட்டதை எடுக்க 225 விநாடி. மூன்றாம் நிலைக்கு 4,600 மாஸ், வரவு 18 ஆகும், கூடுதல் 12, போட்டதை எடுக்க ஆறு நிமிடத்துக்கும் மேல். அப்படியானால் ஆட்டத்தின் தொடக்கத்தில் சிறந்த முதலீடு எது? தூரத்தில் யாரும் தொடாமல் கிடக்கிற ஒரு புள்ளிக்கு ஓடுகிற ஒற்றை எஞ்சினியர். அவனைக் காப்பாற்ற இரண்டு டாங்கி வேண்டும். எதிராளியின் எஞ்சினியரைக் கொல்ல இரண்டு ஸ்கவுட் (வேகமான வேவு யூனிட்) வேண்டும். இப்படித்தான் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே மேப்பின் நாலு மூலையிலும் சின்னச் சின்னச் சண்டைகள் தொடங்கிவிடுகின்றன, அந்தச் சண்டைகளில் தப்பிய ஒரு எக்ஸ்ட்ராக்டர் இருபது நிமிடம் கழித்து ஒரு எக்ஸ்பெரிமெண்டலாக வந்து நிற்கிறது. எந்தக் கட்டத்திலும் காத்திருப்பது என்ற வேலை கிடையாது. நான் ஆடிய ஆர்டிஎஸ்களில் விதிகளே ஆட்டக்காரனை வீட்டை விட்டு வெளியே தள்ளுகிற ஆட்டம் இவ்வளவு சுத்தமாக வேறு எதிலும் அமையவில்லை.

ரீக்ளெய்ம் இதற்கு மேல். செத்த யூனிட்டின் சிதைவு தரையில் கிடக்கும், அதைக் கட்டச் செலவான மாஸில் பெரும்பகுதியை எஞ்சினியர் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். மரம், பாறைகூட உறிஞ்சலாம். ஆகவே எதிராளியின் வாசலில் போய் ஒரு பெரிய தாக்குதலைத் தோற்றால், படை போனது மட்டுமல்ல, அந்தப் படையின் மாஸை அவருக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நடுமேப்பில் ஒரு பெரிய மோதல் முடிந்ததும் அங்கே சிதைவு மலையாகக் கிடக்கும், அதை யார் பிடிக்கிறார்கள் என்பதற்காக உடனே இன்னொரு மோதல் நடக்கும். ஜெயித்தவர் அங்கேயே நின்றால்தான் ஜெயித்த மாதிரி. எஞ்சினியர்களுக்கு பேட்ரோல் கட்டளை கொடுத்துவிட்டால் வழியில் கிடப்பதைத் தாங்களே பொறுக்கிக்கொண்டு போவார்கள். புதிதாக ஆடுபவர்கள் முதலில் கற்க வேண்டிய பழக்கம் அதுதான்.

இத்தனையையும் எப்படி ஒருவர் பார்த்துச் சமாளிப்பது என்று தோன்றும். அதற்குத்தான் ஜூம். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் ஒரு டாங்கியின் துப்பாக்கிக் குழாயிலிருந்து முழு மேப்பும் ஒரே திரையில் தெரிகிற உயரம் வரை போகலாம், யூனிட்கள் எல்லாம் சின்னக் குறியீடுகளாக மாறிவிடும். குறியீட்டின் வடிவத்தையும் அதற்குள் இருக்கிற கோட்டையும் பார்த்தே அது ஆர்டிலரியா, எஞ்சினியரா, எந்த நிலை என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் ஆடிய பிறகு பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருப்பீர்கள். அசல் ஆட்டத்தில் திரையின் அடியில் ஒரு தடித்த பட்டை நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இதில் அதை மெலிதாக்கிவிட்டார்கள், போர்க்களம் நன்றாகத் தெரிகிறது. இரண்டு மானிட்டர் இருந்தால் ஒன்றில் முழு மேப்பையும் வைத்துக்கொள்ளலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும், 81 கிலோமீட்டருக்கு 81 கிலோமீட்டர் வரை மேப் இருக்கிற ஆட்டத்தில் சின்ன விஷயம் இல்லை.

குண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு குண்டும் நிஜமாகவே பறக்கிறது. யூனிட் சுட்டதும் எதிரே உள்ளதின் உயிரைக் கணக்கில் கழித்துவிடுவது இல்லை. வேகமாக ஓடுகிற ஸ்கவுட்டை ஆர்டிலரி தவறவிடும், முன்னால் குறுக்கே நிற்கிற யூனிட் மேல் குண்டு பட்டுவிடும், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் கீழே இருப்பதன் மேல் விழுந்து அதையும் உடைக்கும். அதனால் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே சண்டை போடுகிறவருக்கு அதே எண்ணிக்கை டாங்கிகளில் தெளிவான லாபம் இருக்கிறது.

சரி, செராஃபிம். அசல் ஆட்டத்தில் யூஇஎஃப், சைப்ரன், ஏயான் என்று மூன்று மனிதத் தரப்புகள். அவர்களுடைய ஆயிரம் வருடச் சண்டையின் முடிவில், பூமியில் திறக்கிற ஒரு பிளவு வழியாக வருகிற வேற்று இனம்தான் இந்தச் செராஃபிம். முழுமையான நாலாவது தரப்பாக, தரை, கடல், ஆகாயம் மூன்றிலும் தங்கள் படையோடு வருகிறார்கள். அவர்களுடைய யூனிட்கள் எண்ணிக்கையில் குறைவாக, ஒவ்வொன்றும் இரண்டு வேலை பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பது எனக்குப் பிடித்த அம்சம். செலென் என்ற முதல் நிலை ஸ்கவுட் அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. மேப் முழுக்க ஆங்காங்கே ஒன்றை நிறுத்திவிட்டால் எதிராளியின் ஒவ்வொரு அசைவும் உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய டெஸ்ட்ராயர் தண்ணீருக்குள் மூழ்கிக்கொள்ளும், நேற்று வரை கப்பலாகப் பார்த்தது திடீரென்று நீர்மூழ்கியாகிவிடும். யதோதா என்ற நடக்கும் எக்ஸ்பெரிமெண்டலைக் கொன்றாலும் நிம்மதி இல்லை, அது செத்த இடத்தில் ஒரு மின்புயல் கிளம்பி, பக்கத்தில் இருப்பவர்களையெல்லாம் கொஞ்ச நேரம் பொசுக்கும். பக்கத்தில் இருப்பது யாருடைய படை என்று அது பார்ப்பதில்லை. ஆகவே அதைத் தன் தளத்துக்கு வெளியே வைத்துக் கொல்ல வேண்டும் என்று எதிராளி முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு யூனிட் தற்காப்பின் எல்லைக்கோட்டையே இப்படி முன்னால் தள்ளிவிடுகிறது பாருங்கள், நல்ல வடிவமைப்பு என்றால் அதுதான்.

பழைய மூன்று தரப்புக்கும் புதியவை நிறையக் கிடைத்தன. சைப்ரனுக்கு மெகாலித், நண்டு மாதிரி ஒன்று, கடலடியில் நடந்து வந்து கரையேறும், போர்க்களத்திலேயே முட்டையிட்டு அதிலிருந்து யூனிட் பொரிக்கும். யூஇஎஃப்புக்கு நோவாக்ஸ், ஒரு செயற்கைக்கோள். மேலே சுற்றுகிற அதை எந்த விமான எதிர்ப்பாலும் தொட முடியாது, கீழே உள்ள மையத்தை உடைத்தால்தான் விழும். ஏயானுக்கு பாராகன், நீங்கள் எவ்வளவு செலவழித்தாலும் மாஸும் எனர்ஜியும் தந்துகொண்டே இருக்கிற கட்டடம். அதைக் கட்டி முடித்தவர் அநேகமாக ஜெயித்தவர்தான், ஆனால் அதை உடைத்துவிட்டால் வெடிப்பில் தளத்தின் பாதி போய்விடும். நோவாக்ஸ் மட்டும் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஷீல்டு போட்ட தளத்தை அது ஒன்றும் செய்யாது, ஷீல்டு இல்லாத எக்ஸ்ட்ராக்டர்களைச் சும்மா கொறித்துக்கொண்டிருக்கும், எதிர்த்துச் சுட வழியே இல்லாத ஒன்றோடு சண்டை போடுவது எரிச்சல்தான் தருகிறது. எக்ஸ்பெரிமெண்டல்களை விட மூன்றாம் நிலையில் வந்த பெர்சிவல், பிரிக் மாதிரி கனரகத் தரை யூனிட்கள்தான் ஆட்டத்தை அதிகம் மாற்றின. அவை வந்த பிறகு ராட்சத யூனிட் ஒன்றைத் தனியாக அனுப்பி ஒரு தளத்தை அழிப்பது எளிதாக இல்லை.

கதைப் பகுதிக்கு வருவோம், என் பெரிய குறை அங்கேதான். அசல் ஆட்டத்தில் தரப்புக்கு ஆறு என்று பதினெட்டு மிஷன்கள். இதில் மொத்தமே ஆறு. மூன்று மனிதத் தரப்புகளும் கூட்டணி சேர்ந்து செராஃபிமை எதிர்க்கிறார்கள், நீங்கள் அந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், மிஷன்கள் அதேதான், பேசுகிறவர்களும் கொடுக்கிற யூனிட்களும் கொஞ்சம் மாறும். புது இனமான செராஃபிமாக ஒரு மிஷன்கூட ஆட முடியாது! அவர்கள் ஏன் வந்தார்கள், ஏயானில் ஒரு பிரிவினர் ஏன் அவர்களோடு சேர்ந்தார்கள் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு மூன்று மிஷன் கொடுத்திருந்தால் கதையே வேறு உயரத்துக்குப் போயிருக்கும். இருக்கிற ஆறும் நீளமானவை. ஒரு நோக்கத்தை முடித்ததும் மேப் விரிந்து, இதுவரை தெரியாத நிலப்பரப்பும் அங்கே ஏற்கெனவே கட்டி வைத்த எதிரித் தளமும் வந்து நிற்கும். முதல் மிஷனில் கிரிஃபின் 4 கிரகத்தில் ஃபோர்ட் கிளார்க்கைக் காப்பாற்றும்போது இது சிலிர்ப்பாகவே இருந்தது. அடுத்தடுத்த மிஷன்களிலும் அதே உத்தி வரும்போது, நோக்கத்தை முடிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டு முதலில் தளத்தைப் பலப்படுத்துவோம் என்ற புத்திதான் வருகிறது. கடைசி மிஷனில் பூமியில் அந்தப் பிளவை மூடப் போகிற இடத்தில், கூட்டணிக்குள்ளேயே இருந்த யூஇஎஃப் கமாண்டர் ஃபிளெட்சர் எதிராகத் திரும்பிக்கொள்வது நல்ல திருப்பம். ஆயிரம் வருடப் பகை ஒரு ஒப்பந்தத்தால் போய்விடாது என்பதைக் கதை அங்கே நேர்மையாகச் சொல்கிறது. மற்றபடி பேச்சும் முகங்களும் சுமார்.

கணினி எதிராளி தொடக்கத்தில் பழகப் போதும். ரஷ் (சீக்கிரமே தாக்குவது), டர்டில் (தற்காப்பில் பதுங்குவது), டெக் (உயர்ந்த நிலைக்கு விரைவது) என்று சுபாவம் வாரியாகத் தேர்ந்தெடுக்கலாம், கடினமான வகைகள் கூடுதல் வளம் எடுத்துக்கொண்டு ஏமாற்றி ஆடும். நிலத்தில் ஓரளவு சமாளிக்கும், கடல் மேப்களில் தடுமாறும். கொஞ்சம் தேறிய பிறகு அதில் சவால் இருக்காது.

வேகப் பிரச்சினை இன்னும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் உள்கணக்கு முழுவதும் ஏறக்குறைய ஒரே பிராசஸர் கோரில்தான் ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எட்டு பேர் ஆடுகிற ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டி யூனிட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் ஆட்டத்தின் கடிகாரமே மெதுவாகிவிடும். மல்டிபிளேயரில் எல்லாருடைய கணினியும் அதே கணக்கை ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பதால், இருப்பதிலேயே மெதுவான கணினியின் வேகத்தில்தான் எல்லாரும் ஆட வேண்டும். அதனால் 81 கிலோமீட்டர் மேப் பார்க்க ஆசையாக இருந்தாலும் 10 அல்லது 20 கிலோமீட்டர் மேப்களிலேயே இருங்கள், ஆட்டத்தின் நல்ல சண்டைகள் எல்லாம் அங்கேதான்.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: செட்டன்ஸ் கிளட்ச். 20 கிலோமீட்டர், நாலு பேருக்கு நாலு பேர். நடுவில் குறுகலான நிலப்பாதை, இரு பக்கமும் கடல். நடுவில் நிற்பவர் தரைப்படையை முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும், இரண்டு பேர் ஆளுக்கொரு கடலைப் பார்க்க வேண்டும், பின்னால் இருப்பவர் ஆகாயத்தைப் பிடிக்க வேண்டும். ஆகாயம் போனால் கடல் போகும், கடல் போனால் நடுவில் நிற்பவரின் தளத்தை போர்க்கப்பல்கள் பக்கவாட்டிலிருந்து அடித்து நொறுக்கும். ஒருவர் சரிந்தால் மற்ற மூவருக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பல வருடங்களாக இந்த ஒரு மேப்பை மட்டுமே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமே இல்லை.

மனிதர்களோடு ஆட வேண்டும் என்றால் இப்போது ஒரே நல்ல வழி ஃபோர்ஜ்ட் அலையன்ஸ் ஃபாரெவர், சுருக்கமாக எஃப்ஏஎஃப். பழைய அதிகாரபூர்வ சர்வர் காலம் முடிந்த பிறகு ரசிகர்களே எழுதி, ரசிகர்களே நடத்துகிற இலவச கிளையன்ட். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆட்டம் வைத்திருப்பதை இணைத்துக் காட்டினால் போதும். திறமைக்கேற்ப ஆள் சேர்க்கிறது, சமநிலையைத் தொடர்ந்து திருத்துகிறார்கள், பழைய பிழைகளை அடைத்திருக்கிறார்கள், அசல் ஆட்டத்தின் மிஷன்களையும் சேர்த்து நண்பர்களோடு கூட்டாக ஆடும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன எண்களில் சில அங்கே சற்று மாறியிருக்கலாம், ஆனால் ஓட்டத்தின் கணக்கும் நிலத்தின் மதிப்பும் அப்படியே இருக்கின்றன. 2013இல் கேஸ் பவர்ட் கேம்ஸை வார்கேமிங் நிறுவனம் வாங்கிக்கொண்டது, ஆட்டத்தைச் செய்தவர்கள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் திருத்தம் நிற்கவில்லை. இதைச் செய்துகொண்டிருப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

2010இல் வந்த சுப்ரீம் கமாண்டர் 2 புதியதாயிற்றே, அதை வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அதில் மேப்கள் சுருங்கின, ஓட்டப் பொருளாதாரத்தை எடுத்துவிட்டு முழு விலையை முன்கூட்டியே கொடுக்கும் முறையை வைத்தார்கள். வேகமாக ஓடும், கற்பதும் எளிது. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் ரசித்துச் சொன்ன ஓட்டக் கணக்கு அதில் கிடையாது.

ஒவ்வொரு யூனிட்டின் திறமைப் பொத்தானையும் கையால் அழுத்தி ஆடுவது பிடித்தவர்களுக்கு இது ஒத்துவராது. இருபது நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிய வேண்டும் என்பவர்களுக்கும் கஷ்டம்தான். மற்றவர்கள் வாங்கியதும் முதலில் ஃபோர்ட் கிளார்க் மிஷனைச் சாதாரண நிலையில் ஆடுங்கள், ஆடும்போது திரையின் மேலே உள்ள இரண்டு பட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், மாஸ் பட்டை நிரம்பி வழியவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். அது கைக்கு வந்ததும் மீதி மிஷன்களுக்காகக் காத்திருக்காமல் எஃப்ஏஎஃப்பில் ஒரு கணக்கு தொடங்கி, 5 அல்லது 10 கிலோமீட்டர் மேப்பில் ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்கு வரிசையில் நில்லுங்கள்.